மெர்வி செய்த மோசமான விளையாட்டு

மெர்வி கொக்கலா தன் வலது கையை மேலாளர் என்பாள். அது வேலை எதுவும் செய்யாது. ஆனால் எந்த வேலை நடந்தாலும் தன் அதிருப்தியைத் தெரிவிக்கும். இடது கை துணை மேலாளர். மேலாளர் வராத நாட்களில் இதுவும் வராது. தாம்பேரே நகரில் ஆற்றங்கரைப் பழைய பஞ்சாலைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். சில காலைகளில் மெர்வி கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு உள்ளே வந்து, "மேனேஜ்மென்ட் இன்னிக்கு லீவு. யாராவது காபி ஊத்துங்க" என்பாள். அன்று விரல்கள் மடங்கவில்லை என்று அர்த்தம். யாராவது ஊற்றுவோம். முகத்தில் இரக்கத்தை வைத்துக்கொண்டு ஊற்றினால் அந்தக் காபியைத் தொட மாட்டாள்.

பக்கத்து ஊரான லெம்பாலாவில் பிறந்தவள். பள்ளியை முடித்ததும் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பெல்ட்டில் வரும் ரை தானிய ரொட்டிகளை எடுத்துப் பையில் போடுவதுதான் வேலை. வீட்டில் தம்பி கழித்துப்போட்ட ஒரு கணினி இருந்தது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றுக்குப் புதுப்புது வரைபடங்கள் செய்ய அதில் தானாகவே கற்றுக்கொண்டாள். ஒன்றைச் செய்வாள், விளையாடிப் பார்ப்பாள், பிடிக்காது, அழிப்பாள், மறுபடி செய்வாள். கதவு எங்கே இருந்தால் ஆள் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது அவளுக்கு அத்துப்படி.

முப்பத்தொன்றாவது வயதில், நடுக்கோடை விழாவன்று, ஏரிக்கரையில் ஒரு பியர் டப்பாவைத் திறக்க முடியாமல் நின்றாள். எத்தனையாவது டப்பா என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அது முதல் டப்பா. ஆறு மாதம் கழித்து மருத்துவர் முடக்குவாதம் என்றார். ரொட்டி பெல்ட் அவளுக்காக மெதுவாக ஓடவில்லை. அப்போதைய கணவன் நல்லவன்தான், வீட்டு ஜாடிகளை எல்லாம் அவன்தான் திறந்து கொடுத்தான். பிரிந்து போகும்போது அத்தனை ஜாடிகளையும் இறுக்கி மூடிவிட்டுப் போனான் என்பது மெர்வியின் குற்றச்சாட்டு. அவன் இன்றுவரை மறுக்கிறான்.

எங்களிடம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நாங்கள் நான்கு பேர். ஹன்னெலே முதலாளி. கிம்மோ நிரல் எழுதுகிறவன். மெர்வி விளையாட்டுகளை வடிவமைக்கிறவள். நான் ஒலி சேர்க்கிறவன். கைபேசியில் காட்டுப் பழங்களை மூன்று மூன்றாகச் சேர்த்து வெடிக்க வைக்கும் விளையாட்டுகள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. சென்ற குளிர்காலத்தில் மெர்வி தன்னுடைய சொந்த விளையாட்டு ஒன்றைச் செய்ய ஹன்னெலேயிடம் மூன்று மாதம் கேட்டாள், கிடைத்தது. வசந்தத்தில் ஹெல்சிங்கி கண்காட்சியில் அதை வைப்பதாகப் பேச்சு.

விளையாட்டு இதுதான்: ஒரு பெண் காலையில் எழுந்து, காபி போட்டுக் குடித்து, கோட்டு மாட்டிக்கொண்டு 7:42 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வேறொன்றும் இல்லை. பேய் இல்லை, பூதம் இல்லை. எதிரி என்று ஒன்று உண்டென்றால் காபிப் பொட்டலம்.

கன்ட்ரோலரில் ஒவ்வொரு பொத்தானும் ஒரு விரல். கண் விழித்த முதல் சில நிமிடங்களுக்குப் பொத்தான்கள் பாதித் தடவை சொன்ன பேச்சைக் கேட்காது. பிறகு ஏழு தடவை அழுத்தினால் ஒரு தடவை விழாது. பொட்டலத்தைக் கிழிக்க மூன்று பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்; கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் அந்த விரல்கள் அன்றைக்கு அவ்வளவுதான், பிறகு கோட்டின் ஜிப்பை இழுக்க ஆள் இருக்காது. எந்த விரலில் எவ்வளவு தெம்பு மிச்சம் என்று திரையில் காட்டுவதில்லை. நேற்று முடிந்தது இன்றைக்கு முடியாமல் போகலாம், காரணம் சொல்லப்படாது. படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எதிரே வந்து, "உன்னைப் பாத்தா நல்லாத்தானே இருக்க" என்பாள். அப்போது புன்னகைக்க வேண்டும். புன்னகைக்கவும் ஒரு பொத்தான் உண்டு. அதற்கும் விரல் செலவாகும்.

"இதை எவன் விளையாடுவான்?" என்று கேட்டான் கிம்மோ.

"நான் விளையாடுறேனே, தினமும்."

"ஏன், இதையே ஒரு பக்கத்துல எழுதிப் போட்டா ஆகாதா?"

"பன்னிரண்டு வருஷமா வாயாலயே சொல்லிப் பாத்துட்டேன்டா. சொன்னா எல்லாரும் தலையைச் சாய்ச்சுக்கிட்டு என்னைப் பாக்கறாங்க. எனக்கு அந்தத் தலை வேண்டாம். ஒருத்தராவது அந்தக் கோட்டைப் பாத்து நாலு கெட்ட வார்த்தை சொல்லணும். அது போதும்."

இனி எங்கள் அலுவலகத்துச் சோதனை நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளி ஆட்களைக் கூப்பிட்டு விளையாட விடுவோம். விளையாட்டைச் செய்தவர் அவர்களுக்குப் பின்னால் நிற்கலாம். வாய் திறக்கக் கூடாது. வாங்கிப்போனவர் வீட்டுச் சோபாவுக்குப் பின்னால் நின்று "இடது பக்கம் போ" என்று யாரும் சொல்லப் போவதில்லை அல்லவா? அதனால் சோதனையிலும் கிடையாது. வாய் திறந்தவர் அடுத்த வேலை நாளில் எல்லோருக்கும் ஏலக்காய் பன் வாங்கி வர வேண்டும். கிம்மோவின் வாயால் எங்கள் எல்லோருக்கும் இடுப்பு அகன்றுவிட்டது. மெர்வி ஒன்பது வருடத்தில் ஒரு பன் வாங்கியதில்லை.

முதல் சோதனை ஒரு செவ்வாய்க்கிழமை. நான்கு பேர் வந்திருந்தார்கள். முதல் பெண் கன்ட்ரோலரை எடுத்தாள். திரையில் இருந்தவள் எழுந்தாள், பொட்டலத்தைக் கிழித்தாள், காபியைக் குடித்தாள், ஜிப்பைச் சர்ரென்று இழுத்தாள், பஸ் ஏறினாள். நான்கு நிமிடம்.

"அழகா இருக்கு. மனசுக்கு இதமா இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

மெர்வியின் முகத்தைப் பார்த்தேன். தீப்பிடித்த வீட்டின் முன்னால் பேசக் கூடாது என்று நிறுத்தி வைத்த ஆள் மாதிரி நின்றாள். இரண்டாவது ஆளும் நான்கு நிமிடம். மூன்றாவது ஆளுக்கு மூன்றரை. நாலாவது ஆள் கிளம்பிப் போய், படிக்கட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை மெர்வி வாய் திறக்கவில்லை.

"கிம்மோ."

"சொல்லு."

"என்னடா பண்ணின?"

கிம்மோ பெருமையாகத்தான் சொன்னான். "காலைல சீக்கிரம் வந்தேன். பதினோரு பக் இருந்துச்சு. ஏழுல ஒரு தடவை பொத்தான் விழல. ஜிப் சிக்கிக்குது. காபிப் பொட்டலம் நழுவுது. எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். நீ தேங்க்ஸ் எல்லாம் சொல்ல வேண்டாம்."

"அது பக் இல்லடா, மடையா. அது என் கை!"

ஒழுகும் குழாயைப் பார்த்தால் கை வைத்து இறுக்காமல் கிம்மோவால் தாண்டிப் போக முடியாது. விழாத பொத்தான் அவனுக்கு ஒழுகும் குழாய்; மெர்வி முன்பே விளக்கியதெல்லாம் அந்த நேரத்தில் அவன் நினைவுக்கு வராது.

"பன்னிரண்டு வருஷமா நாலு டாக்டருங்க மாத்தி மாத்திப் பாத்தாங்க, ஒண்ணும் ஆகல. இவன் காபி குடிக்கறதுக்குள்ள குணப்படுத்திட்டான்" என்றாள் மெர்வி என்னிடம்.

ஹன்னெலே சிரிக்கவில்லை. விளையாடியவர்கள் எழுதிக் கொடுத்த தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "மெர்வி, நாலு பேரும் நல்லாருக்குன்னு எழுதியிருக்காங்க."

"நல்லா இருக்கக் கூடாது, ஹன்னெலே."

"கண்காட்சியில ஒரு ஆள் நம்ம மேசைக்கு முன்னால மூணு நிமிஷம் நிப்பான். அந்த மூணு நிமிஷமும் பொத்தான் விழலன்னா, மெஷின் கெட்டுப்போச்சுன்னு அடுத்த மேசைக்குப் போயிடுவான். கிம்மோ பண்ணினதையே அனுப்பலாமே."

"இந்தச் சோதனை செல்லாது. தப்பான பிரதி. நம்ம வழக்கம் அது" என்றாள் மெர்வி.

அதுவும் உண்மைதான். பிழை உள்ள பிரதியில் நடந்த சோதனையை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஹன்னெலே தாள்களை மூடி வைத்தாள். "சரி. வெள்ளிக்கிழமை உன் பிரதியை வெச்சு எட்டுப் பேர். அஞ்சு பேராவது பஸ் ஏறினா உன்னுது போகும். இல்லன்னா குணமானது போகும். அதுக்கப்புறம் பேச்சு கிடையாது."

மெர்வி ஒத்துக்கொண்டாள். கிம்மோ தான் செய்த பதினோரு திருத்தங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கெடுத்து வைத்தான். சொந்தப் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிறவன் முகம் அப்போது அவனுக்கு.

வெள்ளிக்கிழமை முதலில் வந்த மாணவன் ஒன்பதாவது நிமிடத்தில் கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு, "இது உடைஞ்சிருக்கு" என்று எழுந்து போனான். இரண்டாவது வந்த பெண், காபி கொட்டியதும் "பெர்கெலே!" என்று கத்தினாள். எங்கள் ஊரில் பிசாசைக் கூப்பிடும் வசவு அது. கோட்டின் ஜிப் சிக்கியபோது மறுபடி கூப்பிட்டாள், இந்தத் தடவை எழுந்து நின்றுகொண்டு. ஆனால் விடவில்லை. நான்காவது முயற்சியில் காபியே வேண்டாம் என்று முடிவு செய்து, விரல்களைச் சேமித்து, ஜிப்பை இழுத்துவிட்டு, பஸ் ஏறி, நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "காபி இல்லாம வேலைக்குப் போறா, பாவி. காபி இல்லாம!" என்றாள் கோபமாக. கோபம் கோட்டின் மேல், பொட்டலத்தின் மேல், உலகத்தின் மேல். மெர்வியின் மேல் இரக்கம் ஒரு சொட்டுக்கூட இல்லை. மெர்வி முதுகுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் கூரையைப் பார்த்து நான் கண்டதில்லை.

ஏழு பேர் முடிந்தபோது நான்கு பேர் பஸ் ஏறியிருந்தார்கள், மூன்று பேர் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எட்டாவது ஆள் ஐலா. மெர்வி கவலையே படவில்லை, ஏனென்றால் ஐலாவை அவள்தான் கூப்பிட்டிருந்தாள். இருவரும் மாதம் ஒரு தடவை முடக்குவாதக்காரர்கள் கூடும் குழுவில் பழக்கம். ஐலாவுக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடம் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவள். கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் ஆறு வருடங்களுக்கு முன் மூடிவிட்டாள். இவளுக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும் என்பது மெர்வியின் கணக்கு.

ஐலா கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் எட்டாததால் உள்ளங்கையின் ஓரத்தால் அழுத்தினாள். திரையில் இருந்தவள் எழுந்திருக்கவே இல்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். இன்னொரு தடவை. இரண்டு நிமிடம் கழித்துக் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தாள்.

"மெர்வி, இது எனக்கு வீட்டிலேயே இருக்கு."

ஐலா திரும்பி மெர்வியைப் பார்த்தாள்.

"பத்து மணிக்கு இங்க வரணும்னு அஞ்சு மணிக்கே எழுந்து வெந்நீர்ல கையை வெச்சிருந்தேன். ஜிப்பு போடறதுக்கு மட்டும் எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? பஸ் பிடிச்சு வந்து உக்காந்தா, மறுபடியும் முதல்லேருந்து எழுந்திருன்னு சொல்றியே. உனக்கே இது நியாயமா படுதா?"

மெர்வியின் தாடை மட்டும் அசைந்தது. ஹன்னெலே தாளில் எதையோ எழுதப் பேனாவைத் திறந்தாள்.

"இதை நீ யாருக்குடி பண்ணின?" என்றாள் ஐலா. "நல்ல கை இருக்கறவங்களுக்கு மட்டுமா? நம்மளைப் பத்தி ஒரு கேமு, அதை நம்மளால விளையாட முடியாது. நல்ல கூத்து!"

"அப்போ உனக்கு என்னதான் வேணும்?" என்று மெர்வி வெடித்தாள்.

ஒன்பது வருடத்தில் முதல் தடவை. கிம்மோ நாற்காலியோடு திரும்பினான். ஐலாவுக்கு எங்கள் சட்டம் தெரியாது. கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"எனக்கா? கை வேணும். கேமுன்னா இல்லாதது கிடைக்கணும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வருவான்னு சொன்னியே, நல்லாத்தானே இருக்கன்னு சொல்றவ. அவளை உக்கார வெச்சு ஒரு பக்கமா முடியை ஒட்ட வெட்டிட்டு பஸ் ஏறணும்."

நான் சிரித்துவிட்டேன். கிம்மோவும் சிரித்தான். மெர்வி சிரிக்கவில்லை. ஐலாவின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "உன்னை நான் யோசிக்கவே இல்ல, ஐலா. என்னைக்கூட யோசிக்கல. நானே இதைச் சோதிக்கறப்போ நல்ல கை இருக்கற யாரையாவதுதான் அழுத்தச் சொல்லுவேன்."

ஐலா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மெர்வி ஜிப்பின் அடியைப் பிடித்துக்கொள்ள, ஐலா மேலே இழுத்தாள். இரண்டு பேர் கைகளும் சேர்ந்தால் ஒரு கைக்குக் கொஞ்சம் குறைவாக வரும் என்றாள் மெர்வி.

கதவு மூடியதும் ஹன்னெலே சொன்னாள். "நாலு. அஞ்சு இல்ல."

"தெரியும்" என்றாள் மெர்வி. வாதாடவில்லை. கணினியை அணைக்கப் போனாள்.

"கொஞ்சம் இரு" என்றான் கிம்மோ. அவன் ஐலா அழுத்திய பதிவைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு சோதனை முடிந்தால் எந்தப் பொத்தான் எப்போது விழுந்தது என்று வரிவரியாகப் பார்க்காமல் சாப்பிடப் போக மாட்டான். "இங்க பாருங்க. இவங்க கை அறுபத்தோரு தடவை பட்டிருக்கு. அழுத்தம் பத்தாம இருபதுக்கு மேல முதல்லயே விழல. மிச்சம் இருந்ததுல நம்ம கேம் பாதியைத் தின்னுடுச்சு. ஒரே ஆளுக்கு வியாதியை ரெண்டு தடவை ஏத்திட்டோம்."

"அதுக்கென்ன?" என்றாள் ஹன்னெலே.

"மத்த பதினொண்ணும் அவ வேணும்னே வெச்சது. இது யாரும் வைக்கல. இது உண்மையான பக். பிழை உள்ள பிரதியில நடந்த சோதனை செல்லாது. எட்டாவது ஆளை நீ கணக்குல சேக்க முடியாது."

ஹன்னெலே தாளில் எழுதியதை அடித்தாள். "திங்கட்கிழமை, பதினோரு மணி" என்றாள் கடைசியில். "அதே ஆள். அஞ்சுன்னா அஞ்சுதான்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மெர்வியும் கிம்மோவும் சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்தார்கள். விளையாட்டு தொடங்கும் முன் ஒரு கேள்வி வரும்படி மெர்வி வைத்தாள்: இன்று உங்கள் கைகள் எப்படி? கீழே இரண்டு பதில்கள். "நன்றாக" என்றால் மெர்வியின் காலைப்பொழுது. "கேட்காதே" என்றால் கிம்மோ செவ்வாய்க்கிழமை குணப்படுத்திய காலை. லேசாகத் தொட்டாலே பொத்தான் விழும், உள்ளங்கை போதும். குணமான காலையில் காபி குடித்த பிறகு அரை மணி நேரம் மிச்சமிருந்தது. அந்த அரை மணிக்கு ஒரு கத்தரிக்கோல் வைத்தார்கள். வெட்டும் சத்தத்துக்கு என் மனைவியின் தையல் கத்தரிக்கோலை ஒலிவாங்கிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாரும் பொய் சொல்லி 'கேட்காதே'யைத்தான் அழுத்துவாங்க" என்றான் கிம்மோ.

"அழுத்தட்டும். என்னைக் கேக்கறவங்களுக்கெல்லாம் 'நல்லா இருக்கேன்'னு நான் எவ்வளவு பொய் சொல்லியிருக்கேன்? அவங்க ஒரு தடவை மாத்திச் சொல்லிட்டுப் போகட்டுமே."

திங்கட்கிழமை மெர்வி வாங்கி வந்த பன் மேசையில் இருந்தது. ஐலா இரண்டு எடுத்துக்கொண்டாள். கேள்வியைப் படித்தாள். உள்ளங்கையால் "கேட்காதே"யைத் தட்டினாள். திரையில் இருந்தவள் துள்ளி எழுந்தாள். பொட்டலம் ஒரே இழுப்பில் கிழிந்தது. காபி ஆனது. பக்கத்து வீட்டுக்காரி வந்து தன் வசனத்தைச் சொன்னாள். ஐலா அவளைப் படியில் உட்கார வைத்தாள்.

ஒரு பக்கமாக ஒட்ட வெட்டப் போகிறாள் என்று நாங்கள் காத்திருந்தோம். ஆனால் ஐலா அவளுக்கு ஒழுங்காகவே வெட்டினாள். பின்கழுத்தில் தொடங்கி, வரிசை வரிசையாக, காதோரம் நிதானமாக. இடையில் ஒரு தடவை தலையைச் சாய்த்துப் பார்த்து, வலது பக்கம் ஒரு நூல் அளவு குறைத்தாள். ஹன்னெலே திரையின் ஓரத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். 7:38. பிறகு 7:40. மெர்வி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பஸ் போய்விட்டால் நான்குதான்.

ஐலா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள், முடியைத் தட்டிவிட்டாள், கோட்டு, ஜிப், படிக்கட்டு, தெரு. பஸ்ஸின் கதவு மூடுவதற்குள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"நல்ல முடி அவளுக்கு. கெடுக்க மனசு வரல" என்றாள்.

ஹன்னெலே தாளில் ஐந்து என்று எழுதினாள். "உன்னுதுதான் போகுது" என்றாள் மெர்வியிடம். "மேசையை நீதான் பாத்துக்கணும். திட்டெல்லாம் நீயே வாங்கிக்க."

ஹெல்சிங்கி கண்காட்சியில் இரண்டு நாளும் மெர்வியோடு நானும் நின்றேன். முதல் நாள் மதியம், லாரி டயர் போலத் தோள் அகன்ற தாடிக்காரர் ஒருவர் வந்து "நன்றாக" என்று அழுத்திவிட்டு உட்கார்ந்தார். இருபது நிமிடம் ஆயிற்று. பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவர் நெற்றி வியர்த்திருந்தது. பொட்டலம் மூன்றாவது தடவையாக நழுவியபோது, அவர் மெர்வியின் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, இது போகப் போகப் பழகிடுமா?"

"பழகாது" என்றாள் மெர்வி. "திரும்பி உக்காருங்க. பஸ் வருது."